மூன்றாவது தாள்

துறவு பூணுவதற்கு முன் பொன்னுரங்க சாமி ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். எல்லாவற்றையும் துறந்தார், ஒரு பிஸ்கட் டப்பாவைத் தவிர. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் துணிச்சல் சீடர்கள் யாருக்கும் வந்ததில்லை.

வாரம் ஒருமுறை வந்துபோகும் சிஷ்யை செங்கமலம் அன்று காலை துணிப்பையோடு வந்து நின்றாள். இனி ஆசிரமத்திலேயே தங்கிவிடப் போவதாகச் சொன்னாள். சாமி காரணம் கேட்டார்.

அவளுடைய அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷமாகிறது. அப்பாவின் சாவு வீட்டில் வார்த்தை தடித்தது, அதோடு சரி. அடுத்த வாரம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அண்ணன் நேரில் வந்து அழைத்தால்தான் வருவேன் என்கிறான் தம்பி. அவன் மன்னிப்புக் கேட்டால்தான் பத்திரிகை என்கிறார் அண்ணன். சித்தப்பா இல்லாமல் மணமேடை ஏறமாட்டேன் என்று பெண் அழுகிறாள்.

"நீ என்னம்மா சொன்ன?"

"அண்ணன் வீட்டுல அண்ணன் சொல்றதுதான் நியாயம்னேன். தம்பி வீட்டுல தம்பி சொல்றதுதான் நியாயம்னேன். இப்ப ரெண்டு பேருமே என்னை நம்பல. நடுவுல நான் எதுக்கு சாமி?"

சாமி டப்பாவைத் திறந்தார். உள்ளே கூலிங்கிளாஸ் நிறத்தில் மூன்று நீளமான பிளாஸ்டிக் தாள்கள். ஒன்றை ஜன்னலுக்கு நேராகச் செங்குத்தாகப் பிடித்தார். வெளியே வேப்பமரம் தெரிந்தது. இன்னொன்றை அதன்மேல் குறுக்காக வைத்தார். மரம் காணாமல் போனது.

"இது மேலுங்கீழுமா ஆடுற வெளிச்சத்தை மட்டும் விடும். அது பக்கவாட்டுல ஆடுறதை மட்டும் விடும். மூணாவதை நீ நடுவுல செருகு."

இருக்கிற இருட்டு போதாதா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. முதல் தாளைப் போலவே செங்குத்தாகச் செருகினாள். இருட்டு. இரண்டாவதைப் போலக் குறுக்காகத் திருப்பினாள். அதே இருட்டு. சலித்துப்போய் உருவப் போனபோது தாள் கையில் சாய்ந்தது. வேப்பமரம் தெரிந்தது.

செங்கமலம் தாளைச் சாய்த்தபடியே பிடித்துக்கொண்டு பார்த்தாள். சாமியின் கையிலிருந்த இரண்டு தாள்களும் துளிகூட அசையவில்லை.

தாளை டப்பாவில் வைத்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு வீட்டுலயும் ஒரே பேச்சா பேசிப் பாக்கறேன் சாமி. ஆனா மரம் மங்கலாத்தானே தெரிஞ்சுது? முழு வெளிச்சம் வரலையே."

"ஆறு வருஷமா இருட்டுல இருக்காங்க. முழுசா வந்தா கண்ணு கூசும்மா."