இடப்பக்கத்துத் தரை

அந்த மடத்து அடுப்படியில் ஒரு வழக்கம் உண்டு. படையல் முடியும்வரை சமைத்ததை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்புக் கரித்தாலும் சப்பென்று இருந்தாலும் ஆண்டவன் பாடு.

கோதண்டம் தேடிப்பிடித்து அங்கே போய்ச் சேர்ந்ததே இதற்காகத்தான்.

காலமெல்லாம் கல்யாண வீடுகளில் சமைத்தவர் அவர். ரசம் நுரை கட்டியதும் கரண்டியில் கொஞ்சம் மொண்டுகொண்டு இடப்பக்கம் திரும்புவார். அங்கே மனைவி வேதவல்லி உள்ளங்கையைக் குழித்து நீட்டிக்கொண்டு நிற்பாள். நக்கிப் பார்த்துவிட்டு, "உப்புப் போடும்போது எவளை நெனச்சுக்கிட்டு இருந்தே?" என்பாள். சரியாக இருந்துவிட்டால், "ம், இலை போடச் சொல்லு" என்பாள். அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

போன ஐப்பசியில் அவள் செத்துப்போனாள். ருசி பார்க்க ஆள் வேண்டாத அடுப்படி ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, இவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் மடத்து வழக்கம் கைக்குத் தெரியவில்லை. முதல் நாளே ரசம் நுரைத்தது. கரண்டி மொண்டது. இடப்பக்கம் திரும்பியது. ஊற்றியது.

தரையில் விழுந்தது ரசம்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

மடத்துச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சநதம் சும்மா இருப்பாரா? "ஏம்மா தரையம்மா, உப்பு போதுமா?" என்று குனிந்து கேட்பார். உடனே மூக்கால் பேசிப் பதிலும் சொல்வார்: "கொஞ்சம் கம்மிதான் தம்பி, நாளைக்கும் ஊத்து!"

காய் நறுக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோதண்டமும் சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைப் புகைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் மடத்துக் குருவிடம் போனார். குருவுக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். "வாங்க" என்று எழுந்து பாயை விரித்தார்.

"சாமி, இந்தக் கையை நிறுத்திக் குடுங்க."

"வலிக்குதா?"

"கை வலிக்கலை சாமி. மொண்டு திரும்பற வரைக்கும் அவ இருக்கா. வளையல் சத்தம்கூடக் கேக்குது. நாள் பூரா எனக்குன்னு இருக்கிற சந்தோஷம் அவ்வளவுதான். அப்புறம் ரசம் தரையில விழுது. விழுந்ததும் செத்துப்போயிடறா. தினமும் சாவறா சாமி. தினமும் என்னால கொள்ளி வைக்க முடியலை."

கோதண்டம் பாயிலிருந்து எழுந்தார்.

"வழி இல்லேன்னா சொல்லிடுங்க. எங்கேயாவது போய்த் தொலையறேன்."

"நாளைக்கு மூலை அடுப்புல ரசம் வைங்க."

மூலை அடுப்புக்கு இடப்பக்கம், ஆள் நிற்க இடமில்லாமல், கரியேறிய சுவர். மறுநாள் ரசம் நுரைத்தது. கரண்டி பாத்திரத்தை விட்டு அசையவில்லை. கோதண்டம் ரசத்தை இறக்கி வைத்தார். மூடினார். தரை சுத்தமாக இருந்தது.

"அடடா, தரையம்மா இன்னைக்குப் பட்டினி" என்றார் பஞ்சநதம்.

சாயங்காலம் கோதண்டம் குருவின் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"கை திரும்புச்சா?"

"இல்லை சாமி."

"நல்லதாப் போச்சு."

"அவ வரலை சாமி."

"செத்தும் போகலையே?"

"வந்தாத்தானே போறதுக்கு" என்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

குரு எழுந்து வாசலுக்கு வந்து, "பழைய அடுப்புக்கே போயிடுங்க" என்றார்.

"அங்க போனா மறுபடியும் சாவாளே."

"சாவாங்க."

மறுநாள் பழைய அடுப்பில் புளித்தண்ணீர் கொதித்து, பெருங்காயம் மணந்து, ரசம் நுரை கட்டும் நேரம். குரு அடுப்படிக்குள் வந்தார். கோதண்டத்துக்கு இடப்பக்கமாகத் தரையில் குந்தி உட்கார்ந்தார். பஞ்சநதம் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

கரண்டி மொண்டது. திரும்பியது. குருவைப் பார்த்ததும் அந்தரத்தில் நின்றது.

"கையை நீட்டுங்க சாமி" என்றார் கோதண்டம். கெஞ்சுகிற குரல்.

குரு கையை நீட்டவில்லை. ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். மடியில் ஓர் ஈரத்துணி இருந்தது.

"அங்க அவங்க நிக்கணும். நீங்க ஊத்துங்க. தரையை நான் துடைச்சுக்கறேன்."