கயித்தைப் பிடிச்ச ஏழு பேரு

ஒரு ஊர்ல ஒரு வேனு இருந்துச்சாம். நீல வேனு. உள்ள ஏழு பேரு உக்காரலாம், எட்டாவது ஆளு ஓட்டணும். ஓட்டற ஆளு பெரிய மீசைக்கார டிரைவர்னு நினைச்சியா? அதான் இல்ல. ஃபிலோமின்னு ஒரு பொண்ணு. கடல் ஓரத்துல பொறந்து, கடல் ஓரத்துலயே நடை பழகுன பொண்ணு. எங்க, ம் கொட்டு பாப்போம்.

"ம்."

இது நேத்து கதைக்குக் கொட்டுன ம். இன்னைக்குப் புதுசா ஒண்ணு கொட்டு.

"ம்ம்ம்!"

ஆங். அந்த ஃபிலோமி அதுக்கு முன்னால ஐஸ் கம்பெனில எறா உரிச்சுக்கிட்டு இருந்தா. காலையில உள்ள போனா பொழுது சாயறவரைக்கும் எறா, எறா, எறா. விரல் வெறச்சுப் போயி, வீட்டுக்கு வந்து சோத்தைப் பிசைஞ்சா சோறு சூடா இருக்கா, ஆறிருச்சான்னுகூட கைக்குத் தெரியாது. ஒரு நாள் அவளுக்கே சலிச்சுப் போச்சு. ஒரு பழைய வேனைப் பிடிச்சா, நீலப் பெயிண்ட் அடிச்சா. "வெளியூர்லருந்து வர்றவங்களுக்கு நம்ம கடற்கரையைச் சுத்திக் காட்டப் போறேன்"னு கிளம்பிட்டா.

அப்போ அந்த ஊர் லாட்ஜ் முதலாளி அவளைக் கூப்பிட்டு என்ன சொன்னாரு? "இங்க பாரு ஃபிலோமி, என் லாட்ஜ்ல ஏழு பேரு தங்கியிருக்காங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள் கூட்டிட்டுப் போ. சாயங்காலம் சூரியன் கடல்ல மறையறதைக் காட்டிட்டுக் கூட்டிட்டு வா. அவங்க சிரிச்ச முகமா இறங்குனா, இனிமே இங்க வர்ற அத்தனை பேரும் உன் வேன்லதான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இறங்குனா, வேனை வித்துட்டு மறுபடி எறா உரிக்கப் போயிரு. சம்மதமா?"

"சம்மதம் முதலாளி"ன்னுட்டா. வாய்தான் சம்மதம்னுச்சு. கை அதுக்குள்ள ஒரு பேப்பரைத் தேடுது.

அன்னைக்கு ராத்திரி பூரா பாடம் படிக்கற மாதிரி படிச்சா. லைட்ஹவுஸ் எத்தனை படி, எந்த வருஷம் கட்டுனது, ஆறு எந்த மலையில பொறக்குது, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி மனப்பாடம். நீ வாய்ப்பாடு படிக்கறதை விட நல்லாவே படிச்சா. முறைக்காத, படுத்துக்கோ.

மறுநாள் காலையில ஏழு பேரும் வந்தாச்சு. யார் யாருன்னு கேளு. முதல் ஆளு விருதுநகர் பொன்னம்பலம் அண்ணாச்சி. ஆபீஸ்ல பெரிய குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவரு. எதைக் காட்டுனாலும் "எங்க ஊர்ல இதைவிடப் பெருசு இருக்கு"ம்பாரு. ரெண்டாவது அவர் சம்சாரம் தங்கபுஷ்பம். அவங்களுக்கு நாள் பூரா ஒரே வேலை, "சும்மா இருங்க"ன்னு சொல்றது. அப்புறம் சேலத்துலருந்து ஒரு புது மாப்பிள்ளை, புதுப் பொண்ணு. அவங்க கடலைப் பாக்கல, போனைத்தான் பாத்தாங்க. அப்புறம் மதுரையிலருந்து ஒரு அக்கா தங்கச்சி. அக்கா மடியில முறுக்கு டின்னு, தங்கச்சி மடியில சீடை டின்னு. கடைசியா ஒரு ஒல்லிப் பையன். ஏறுனான், ஜன்னல்ல தலையைச் சாய்ச்சான், தூங்கிட்டான். உன்னை மாதிரியே.

"நான் தூங்கல!"

சரி சரி, தூங்கல. டர்ர்ர்... டர்ர்ர்ர்னு வேன் கிளம்பிருச்சு.

முதல்ல லைட்ஹவுஸ். ஃபிலோமி தொண்டையைக் கனைச்சு, "இந்த லைட்ஹவுஸ் மேல ஏறுறதுக்கு..."ன்னு ஆரம்பிச்சா. கதவுல பூட்டு. இந்தா பெரிசு. உள்ள வெள்ளை அடிக்கறாங்களாம், இன்னைக்கு ஏற விடமாட்டாங்களாம். ஏழு பேரும் கீழ நின்னு அண்ணாந்து பாத்தாங்க. கழுத்து வலிக்கற வரைக்கும் பாத்தாங்க.

"எங்க ஊர்ல ஒரு மில்லு புகைபோக்கி இருக்கு, இதைவிடப் பெருசு. அதுலயும் ஏற முடியாது"ன்னாரு அண்ணாச்சி.

"சும்மா இருங்க"ன்னாங்க தங்கபுஷ்பம்.

மதுரை அக்கா ஆளுக்கொரு முறுக்கு குடுத்தா. கரக் மொறுக், கரக் மொறுக். லைட்ஹவுஸ் அவ்வளவுதான்.

அப்புறம் ரெண்டாவது இடம். ஆறு வந்து கடல்ல சேர்ற இடம். அங்க படகுல ஒரு சுத்து சுத்திட்டு வரணும். தண்ணி அப்படியே கண்ணாடி, ரெண்டு பக்கமும் தென்னை. ஃபிலோமி படகு முனையில நின்னு, "இந்த ஆறு பொறக்கற மலையானது..."ன்னா. காத்து ஊ...ன்னு அடிச்சுது. கையில இருந்த பேப்பர் படபடபடன்னு பறந்து போயி ஒரு நாரை பக்கத்துல விழுந்துச்சு. நாரை ஒரு பார்வை பாத்துச்சு, படிக்கத் தெரியாது போல, நடந்து போயிருச்சு.

அதுகூடப் பரவால்ல. கடல் வத்திப்போற நேரம் அது. படகு நடுவுல சொர்ர்ர்க்னு மணல்ல ஏறி நின்னுருச்சு. எல்லாரும் இறங்கித் தள்ளணும். சேலத்துப் பொண்ணு புதுப் பட்டுச்சேலை கட்டிட்டு வந்திருக்கா, பாவம். சளக்கு புளக்கு, சளக்கு புளக்குன்னு முழங்கால் தண்ணியில நின்னு தள்ளுனாங்க. ஒல்லிப் பையன் மட்டும் படகுலயே தூங்குனான். அவனையும் சேத்துத்தான் தள்ளுனாங்க.

கரைக்கு வரப்போ மணி நாலே முக்கால். ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இல்ல. ஃபிலோமிக்கு விரல் நுனியெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு, ஐஸ் கம்பெனி இப்பவே கூப்பிடற மாதிரி.

"கவலைப்படாதீங்க, இனிமேதான் பெரிய இடமே. சூரியன் மறையறதைப் பாக்கறதுக்குன்னே ஒரு பாறை இருக்கு. அங்கருந்து பாத்தா உலகமே தகதகன்னு இருக்கும்"ன்னா.

"எங்க ஊர்லயும் சூரியன் மறையும்"னாரு அண்ணாச்சி.

"சும்மா இருங்க!"

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்போ கேளு. பாறைக்குப் போற வழியில ஒரு மணல்கரை. அங்க கரமடி இழுத்துக்கிட்டு இருந்தாங்க. கரமடின்னா என்ன? ஒரு படகு போயி கடலுக்குள்ள வலையை அரைவட்டமா விரிச்சுட்டு வந்துரும். வலைக்கு ரெண்டு முனை. ரெண்டு முனையிலயும் நீளமா கயிறு. கரையில நின்னு இந்தப் பக்கம் கொஞ்ச பேரு, அந்தப் பக்கம் கொஞ்ச பேரு, சமமா இழுத்துக்கிட்டே வரணும். வலை மெல்ல மெல்ல மீனைக் கூட்டிக்கிட்டுக் கரைக்கு வரும்.

"அய், ஒரு போட்டோ!"ன்னா சேலத்துப் பொண்ணு.

"ரெண்டே நிமிஷம்"னு ஃபிலோமி வேனை நிறுத்துனா. இறங்கி முன்சக்கரத்துல காத்து இருக்கான்னு தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா.

அதுக்குள்ள அண்ணாச்சி வேகவேகமா போயி கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சை நிமித்தி நின்னாரு. அவரைப் பாத்து தங்கபுஷ்பம் பிடிச்சாங்க. மாப்பிள்ளை பிடிச்சான், பொண்ணு பிடிச்சா. மதுரைக்காரங்க ரெண்டு பேரும் டின்னைக் கீழ வச்சுட்டுப் பிடிச்சாங்க. ஒல்லிப் பையன் தூக்கக் கலக்கத்துல பஸ் கம்பின்னு நினைச்சுப் பிடிச்சான். வழியில போன ஒருத்தன் கையில போனைக் குடுத்தாங்க, க்ளிக், க்ளிக்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். யாரு வேணா வந்து கயித்தைப் பிடிக்கலாம், ஏன்னு கேக்க மாட்டாங்க. பிடிச்சா உனக்கும் மீன்ல ஒரு பங்கு. ஆனா பிடிச்சுட்டா, வலை கரைக்கு வர்ற வரைக்கும் விடக் கூடாது. ஃபிலோமிக்கு இது நடக்கப் பழகுன அன்னைக்கே தெரியும். தெரிஞ்சதாலதான் சொல்ல மறந்துட்டா. லைட்ஹவுஸ் படியைப் படிச்சவ, இதைப் போய் யாராவது ஒருத்தருக்குச் சொல்லிக் குடுப்பாங்களான்னு இருந்துட்டா. உலகத்துல எல்லாருக்கும் இது தெரியும்னு நினைப்பு.

வலைக்குப் பெரிய ஆளு இஞ்ஞாசி. ஃபிலோமிக்குத் தாய்மாமன். அவரு பாத்தாரு. புதுசா ஏழு ஜோடி கை. "ஆகா, ஆள் வந்தாச்சு. லேய், நீங்க ஆறு பேரும் அந்தக் கயித்துக்குப் போங்கலே, அங்க இழுவை கூடுதலா இருக்கு"ன்னு தன் ஆளுங்களை அந்தப் பக்கம் ஓட விட்டாரு.

போட்டோ முடிஞ்சுது. ஏழு பேரும் கையை விட்டாங்க.

சர்ர்ர்ர்ர்ருன்னு கயிறு கடலைப் பாத்து ஓடுச்சு!

"விடாதேலே! பிடி, பிடி, பிடி!"ன்னு இஞ்ஞாசி போட்ட சத்தத்துல அண்ணாச்சி பயந்து போயி மறுபடி லபக்குனு பிடிச்சாரு. மத்தவங்களும் பிடிச்சாங்க.

ஃபிலோமி ஓடியாந்தா. "மாமா, இவங்க வெளியூர்க்காரங்க, போட்டோவுக்குப் பிடிச்சாங்க. பாறைக்குப் போகணும், சூரியன் இறங்குது மாமா. விட்டுருங்க."

"ஏ புள்ள, இந்தப் பக்கத்து ஆளைப் பூரா அந்தப் பக்கம் அனுப்பியாச்சு. இவங்க விட்டா வலை கோணிக்கிட்டுப் போயி மீன் பூரா ஓடிரும். இன்னைக்கு முப்பது வீட்டுக்குக் குழம்பு இதுலதான். நீ இந்தக் கரையில பொறந்தவதானே? நீயே சொல்லு, விடச் சொல்லட்டுமா?"

ஃபிலோமி சூரியனைப் பாத்தா. ஆரஞ்சுப் பழம் கணக்கா தண்ணிக்கு ஒரு முழம் மேல நிக்குது. பாறைக்கு இன்னும் கால் மணி நேரம் வண்டி ஓட்டணும். இப்பக் கிளம்புனா பாத்துரலாம். கிளம்பலைன்னா எறா. கயித்தைப் பாத்தா. அந்தாண்ட கடலுக்குள்ள வலையோட மிதவைக் கட்டைங்க ஒண்ணொண்ணா தள்ளாடிக்கிட்டு வருது.

செருப்பைக் கழட்டி வீசுனா. துப்பட்டாவை இடுப்புல சுத்திக் கட்டுனா. ஏழு பேருக்கும் முன்னால போயி கயித்தைப் பிடிச்சா.

"தப்பு என்னோடது. லைட்ஹவுஸ் வருஷத்தைப் படிச்சேன், இதைச் சொல்லல. பாறையைக் காட்ட முடியாது போல. திட்டறதை அப்புறமாத் திட்டுங்க, இப்ப என்கூட இழுங்க. கயித்தை அக்குள்ல குடுத்து, பின்னால சாஞ்சு, காலை மணல்ல ஊணுங்க. நான் சொல்லும்போது ஒண்ணா இழுக்கணும்."

"யம்மா, நாங்க எப்பிடிம்மா..."ன்னா மதுரை அக்கா.

ஃபிலோமி பாட்டு மாதிரி குரல் குடுத்தா பாரு:

"முறுக்கு ஒடிச்ச கையே!"

"இழு!"ன்னாங்க அந்தக் கயித்துல இருந்த ஊர்க்காரங்க.

"சீடை கடிச்ச பல்லே!"

"இழு!"

"போனைத் தடவுன விரலே!"

"இழு!"

"எங்க ஊர்ல பெருசுன்ன வாயே!"

அதுக்குத் தங்கபுஷ்பந்தான் எல்லாரையும் விட சத்தமா "இழூ..."ன்னாங்க. முப்பது வருஷமா இந்தப் பாட்டுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க போல. அண்ணாச்சிக்கு ரோஷம் வந்து ஒரு இழுப்பு இழுத்தாரு, பின்னால தடால்னு மணல்ல உக்காந்துட்டாரு. உக்காந்தும் கயித்தை விடல.

"தூங்குன கண்ணே!"

"இழு!"ன்னு ஒல்லிப் பையனே கத்துனான். அன்னைக்கு அவன் பேசுன முதல் பேச்சு அது.

ஏலோ... இழு. ஏலோ... இழு. கை எரியுது, வேர்வை கண்ணுல இறங்குது. மிதவைக் கட்டை கிட்ட வருது, இன்னும் கிட்ட வருது. மதுரைத் தங்கச்சி, "அந்தா குதிக்குது, அந்தா குதிக்குது!"ங்கறா. எல்லார் கண்ணும் வலை மேலயே. அப்புறம் அலையோட அலையா வலை கரைக்கு ஏறுச்சு, பள பள பளன்னு. சாளை மீன் ஒரு குவியல், நெத்திலி ஒரு குவியல், நாலஞ்சு நண்டு, ஒரு பேத்தை. பேத்தைன்னா தொட்டா வயித்தை உப்பிக்கிட்டு முறைக்குமே, அந்த மீனு. நீ மருந்து குடிக்கும்போது வைப்பியே, அதே மூஞ்சி.

"போ!"

போறேன், கதையை முடிச்சுட்டுப் போறேன்.

அப்புறம் இஞ்ஞாசி மணல்ல கூறு போட்டாரு. ஏழு பேருக்கும் ஏழு கூறு. யாருக்கும் கூடல, யாருக்கும் குறையல. மதுரை அக்கா முறுக்கைக் கரையில எல்லாருக்கும் குடுத்துட்டு, காலி டின்னுல சாளையை அடுக்குனா.

லாட்ஜ் வாசல்ல முதலாளி நின்னுக்கிட்டு இருந்தாரு. வேன் கதவு திறந்துச்சு. முதல்ல இறங்குனது வாடை. முதலாளி மூக்கைப் பொத்திக்கிட்டாரு. அப்புறம் ஏழு பேரு இறங்குனாங்க. தலையில மணலு, உடம்பெல்லாம் செதிலு, உள்ளங்கை பூரா செவப்பு. ஃபிலோமி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இறங்கவே இல்ல.

"லைட்ஹவுஸ் ஏறுனீங்களா?"ன்னு முதலாளி கேட்டாரு.

"இல்ல."

"படகுல சுத்துனீங்களா?"

"தள்ளுனோம்."

"போகட்டும், சூரியன் மறையறதையாவது பாத்தீங்களா?"

ஏழு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. "அட, ஆமால்ல... அது எப்ப மறைஞ்சுது?"ன்னான் சேலத்து மாப்பிள்ளை. கடலைப் பாத்துக்கிட்டேதான் இழுத்தாங்க. சூரியன் அவங்க மூக்குக்கு நேராத்தான் முங்குச்சு. ஒருத்தர் கூடக் கவனிக்கல!

முதலாளி வேன் பக்கம் திரும்புனாரு. "நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு ஃபிலோமி. அதையும் காட்டலையே நீ. பேசினபடி..."

"இருங்க இருங்க"ன்னு அண்ணாச்சி குறுக்க வந்தாரு. "பாக்கலைல? பாக்காம எப்படிய்யா ஊருக்குப் போறது? எங்க ரூம் நாளைக்கும் வேணும். வேனும் நாளைக்கு வேணும்."

"எங்களுக்கும்"னாங்க மதுரைக்காரங்க.

"எங்களுக்கும்"னாங்க சேலத்துக்காரங்க, செதில் பல்லுல ஒட்டியிருக்கறது கூடத் தெரியாம சிரிச்சுக்கிட்டு.

ஒல்லிப் பையன் நின்னுக்கிட்டே தூங்கிட்டான், ஆனா தலையை மட்டும் ஆட்டுனான்.

முதலாளி யோசிச்சாரு. மூக்குலருந்து கையை எடுத்தாரு, மறுபடி பொத்திக்கிட்டாரு. "வேனை நல்லாக் கழுவி காலையில எடுத்துட்டு வா ஃபிலோமி. பத்தாம் நம்பர் ரூம்காரங்களும் நாளன்னைக்கு வேன் கேட்டாங்க"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. ஃபிலோமிக்கு அப்பத்தான் ஸ்டியரிங்கை விட்டு விரல் பிரிஞ்சுது.

"அப்போ மறுநாள் சூரியனைப் பாத்தாங்களா?"

கேளேன். மறுநாள் நேரத்தோட பாறைக்குப் போயி, வரிசையா உக்காந்துட்டாங்க ஏழு பேரும். சூரியன் மெல்ல மெல்ல இறங்குது. அப்போ அண்ணாச்சி கண்ணுக்கு மேல கையை வச்சுக்கிட்டு, தூரத்து மணல்கரையைப் பாத்தாரு. "ஏய், இஞ்ஞாசி பக்கம் ஆள் கம்மியா இருக்கற மாதிரி இல்ல?"ன்னாரு. "சும்மா இருங்க" வரும்னு திரும்பிப் பாத்தா, தங்கபுஷ்பம் அங்க இல்ல. முந்தானையைச் சொருகிக்கிட்டு அவங்க வேனைப் பாத்துப் பாதி வழி ஓடிட்டாங்க. பின்னாலயே அத்தனை பேரும் குடுகுடுன்னு.

சூரியன் பாவம், ரொம்ப அழகா, தன்னந்தனியா மறைஞ்சுது.

ம் கொட்டு.

...

கொட்டலையா? சரி. வலையைச் சுருட்டி வச்சாச்சு, கதையையும் சுருட்டியாச்சு. கையைக் காலை நீட்டி நல்லாத் தூங்கு ராசாத்தி.