நெஞ்சில் ஒட்டிய நம்பர்

சைக்கிளில் இடியாப்பம் விற்கக் கிளம்பிய சாகுலை தெருமுக்கிலேயே மறித்தார் இன்ஸ்பெக்டர்.

"சைக்கிள் பேரணி வருது. சைக்கிளை ஓரங்கட்டுய்யா."

"நானும் சைக்கிள்தானே சார்? இடியாப்பம் ஆறிடும்."

"நெஞ்சுல நம்பர் ஒட்டினவங்களுக்குத்தான் இன்னிக்கு ரோடு."

சாகுல் ஆர்டருக்காகப் பெட்டியில் ஒட்டியிருந்த போன் நம்பரை உரித்தார், சட்டையில் ஒட்டினார், மிதித்தார். பாரம் ஏற்றிப் பழகிய கால். ஆயிரம் பேரையும் முந்திக்கொண்டு, பேரணி முடிகிற மேடைக்கு முன்னால் போய் நின்றார்.

முதலில் வந்தவர் என்று அவருக்குச் சால்வை போர்த்திய அமைச்சர் மைக்கை நீட்டினார். "நம்ம பேரணியாலதானே சைக்கிள் ஓட்ட ஆசை வந்துச்சு?"

"இருபது வருஷமா ஓட்டுறேங்கய்யா. ஓட்டாதேன்னு ஒருத்தர் நிறுத்தினது இன்னிக்குத்தான்."

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் எல்லாம் விற்றுப் பெட்டி காலி. பின்னாலேயே வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு இடியாப்பம்கூட மிஞ்சவில்லை.