தொட்டியில் காய்த்த கொய்யா

பள்ளித் தாளாளர் ஆவுடையப்பருக்குத் தோட்டக்கலைப் பாடம் என்றாலே இளக்காரம். ஒருநாள் காலித் தொட்டி ஒன்றைப் பகுதிநேர ஆசிரியை மங்களேஸ்வரி முன்னால் வைத்தார்.

"ரெண்டே மாசத்துல இதுல கொய்யா காய்க்கணும் டீச்சர். இல்லேன்னா உங்க தோட்டத்தை மூடிட்டு கார் ஷெட் கட்டிருவேன்."

"ஆகட்டும் ஐயா," என்றார் அவர்.

மறுநாளே பிளஸ் டூ மாணவிகளைப் பள்ளிக் கொய்யா மரத்துக்குக் கூட்டிப்போனார். பிஞ்சு விட்டிருந்த கிளையொன்றில் வளையமாகப் பட்டையைச் சீவி, ஈரத் தென்னைநார்க் கழிவை வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டச் சொன்னார். ஆறு வாரத்தில் அங்கே வேர் பிடித்தது. கிளையை அறுத்துத் தொட்டியில் நட்டார்கள்.

கெடு நாளில் தாளாளர் வந்து பார்த்தார். முழங்கால் உயரச் செடியில் மூன்று கொய்யாக்காய்கள் தொங்கின.

"கிளையை ஒடிச்சுச் சொருகி வெச்சு என்னையே ஏமாத்துறீங்களா?"

மாணவி ரெஜினா தொட்டியைச் சாய்த்துச் செடியை அப்படியே உருவிக் காட்டினாள். மண்கட்டியைச் சுற்றி வெள்ளை வேர்கள் அடர்ந்திருந்தன.

தாளாளர் குனிந்து வேர்களைத் தொட்டுப் பார்த்தார். "தோட்டம் இருக்கட்டும். இது எப்படிம்மா செஞ்சீங்க?"

"அதுக்கு ஒரு பீரியட் ஆகும் ஐயா. எங்க வகுப்புல பெஞ்சு கிடையாது," என்றார் மங்களேஸ்வரி.

தாளாளர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். ஆசிரியை விலகி நின்றார். பாடத்தை ரெஜினாவே ஆரம்பித்தாள்.