ஈரத் துண்டு

காரைக்குடியில் மெய்யம்மை என்றொரு அறிவியல் எழுத்தாளர் இருந்தார். அவருக்கு ஒரு சீடர். பெயர் பரமானந்தம், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது அதிகம். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார்.

பேராசிரியர் வெப்பத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். நல்ல புத்தகம்தான். ஆனால் அதைப் பற்றி அவர் மேடையில் பேச ஆரம்பித்தால் கூட்டம் தூங்கிவிடும். ஒருமுறை அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டியவரே தூங்கிவிட்டார். தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மெய்யம்மை பேசினால் யாரும் தூங்குவதில்லை. ஆவியாதலை விளக்க அவர் ஈரத் துண்டுக் கதையை எடுப்பார். “குளிச்சிட்டு வந்து ஈரத் துண்டைச் சுருட்டி மெத்தை மேல போடுற ஆளு நான். எங்க வீட்டுக்காரர் தினமும் திட்டுவாரு” என்பார். சபை சிரிக்கும். சிரித்து ஓய்வதற்குள், சுருட்டிய துண்டு ஏன் காய்வதில்லை, விரித்துப் போட்டது ஏன் சீக்கிரம் காய்கிறது என்று எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

“எனக்கு இது வருமா மேடம்?” என்று கேட்டார் சீடர்.

“உங்க வீட்டையும் கொஞ்சம் பேச்சுக்குள்ள கொண்டு வாங்க சார்.”

அவர் கொஞ்சம் கொண்டுவரவில்லை. வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். ஒலி அலைக்கு மனைவி விசாலத்தின் குறட்டை. ஈர்ப்பு மையத்துக்கு மாப்பிள்ளையின் தொந்தி. அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் விசாலம் தண்ணீர் ஊற்ற மறந்து அடுப்பில் ஏற்றிய குக்கர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்.

ஆறு மாதம் போயிருக்கும். சீடர் வாடிய முகத்தோடு குருவின் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

“மேடம், எங்க வீட்டுல எதுவுமே நடக்க மாட்டேங்குது.”

“அப்படின்னா?”

“நான் உள்ள நுழைஞ்சா எல்லாரும் அப்படியே நின்னுடறாங்க. தும்மல் வந்தாக்கூட விசாலம் பின்கட்டுக்குப் போய்த் தும்முறா. காய்கறிக்கடையில யாரோ அவளைப் பார்த்து, ‘குக்கர் அம்மா, இன்னைக்காவது தண்ணி ஊத்துனீங்களா?’ன்னு கேட்டுட்டானாம். அன்னையிலேர்ந்து என்கிட்ட பேச்சே இல்ல.”

“ம்.”

“அதுகூடப் பரவால்ல மேடம். என் மக மதுரா முழுகாம இருக்கா. எனக்கு அதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு! ஏம்மா என்கிட்ட சொல்லலைன்னு கேட்டா, ‘நீங்க செல் பிரிதல்னு ஆரம்பிச்சுடுவீங்கப்பா’ங்கறா.”

ஒரே மகள். பல் விழுந்தால்கூட அவரிடம்தான் முதலில் ஓடிவந்து காட்டியவள்.

“ஆரம்பிச்சிருப்பீங்களா சார்?”

சீடர் நேர்மையான மனிதர். “குறிப்பு எடுத்து வச்சிருந்தேன்” என்றார்.

அப்போது குளியலறைக் கதவு திறந்தது. மெய்யம்மையின் கணவர் வள்ளியப்பன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். பேசாத மனிதர். வந்திருந்தவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். துண்டைச் சுருட்டினார். சோபாவில் போட்டார். பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சீடர் தன் பக்கத்தில் கிடந்த துண்டையே பார்த்தார். அது அவர் வேட்டியை நனைக்கத் தொடங்கியிருந்தது.

“மேடம், துண்டு...”

“ஆமா.”

“நீங்க போடுறதாத்தானே மேடையில சொல்வீங்க?”

“ஆமா.”

“அவரு திட்டுவாருன்னு...”

“நான்தான் திட்டுவேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து.”

சீடர் எழுந்தே விட்டார். “இது பொய் இல்லையா? நாம அறிவியல் பேசுறவங்க மேடம்!”

மெய்யம்மை துண்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். உதறிக் கொடியில் விரித்தார்.

“யாரு போட்டதுன்னு கேட்டுக்கிட்டா சார் துண்டு காயுது?”

சீடர் ஈர வேட்டியோடு வீட்டுக்குப் போனார்.

அடுத்த கூட்டம் உள்ளூர் நூலகத்தில். தலைமை மெய்யம்மை. முன்வரிசையில் வழக்கம்போல வள்ளியப்பன். மூன்றாவது வரிசையில் விசாலமும் மதுராவும். சொந்த ஊர்க் கூட்டத்துக்குப் போகாவிட்டால் பார்ப்பவர்கள் ஏதாவது பேசுவார்கள் என்று வந்திருந்தார்கள். குக்கர் வரப்போகிறது என்று தெரிந்து விசாலம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குக்கர் வந்தது.

“ஒருநாள் நான் குக்கர் வச்சேன்” என்றார் பேராசிரியர்.

விசாலம் நிமிர்ந்தார்.

“அரிசியைப் போட்டேன். வெயிட்டை மாட்டினேன். அப்புறம் மூடியைப் போட்டேன்...”

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு.

“வெயிட்டை எதுல சார் மாட்டுனீங்க?” என்றது ஒரு குரல்.

“அரிசி மேலதான்” என்றார் பேராசிரியர், கொஞ்சம் சந்தேகத்தோடு.

நூலகமே அதிர்ந்தது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு விடாமல் தொடர்ந்தார். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் விசிறினார். குக்கர் பொங்கி வழியும்வரை கரண்டியால் கிண்டினார். தண்ணீரே ஊற்றாத குக்கர் பொங்கி வழிந்ததை அறிவியல் பேராசிரியர் கவனிக்கவே இல்லை. சிரிப்பு இப்போது அவர் கதையைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.

“பொய்!”

மூன்றாவது வரிசையில் விசாலம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“அத்தனையும் பொய். எங்க வீட்டுக் குக்கர் எந்த அலமாரியில இருக்குன்னே இவருக்குத் தெரியாது. தண்ணி ஊத்த மறந்தது நான்தான். குக்கர் அம்மாவும் நான்தான்!”

யாரோ மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விசாலம் அதை வாங்கிக்கொண்டார்.

“ஏன் மறந்தேன்னு கேளுங்க. ஆறு மாசமா ஊரெல்லாம் போய்ச் சொன்னாரே, இதை மட்டும் சொல்லல. அன்னைக்குக் காலையில இவரு அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, சாயங்காலம் பேசப்போறதை எனக்குப் பேசிக் காட்டிக்கிட்டு இருந்தாரு. வெப்பம்னா என்னன்னு! கேட்டுக்கிட்டே இருந்தேன். நல்லாத்தான் பேசுனாரு. தண்ணிய மறந்துட்டேன்.”

காரைக்குடியில் அப்படி ஒரு கைத்தட்டலை அதுவரை யாரும் கேட்டதில்லை. பேராசிரியருக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றித் துடைத்தார். அது ஆவியாதலும் இல்லை, குளிர்தலும் இல்லை. அவர் விளக்கம் சொல்ல முயலவும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் மதுரா மேடைக்கு வந்தாள்.

“அப்பா, நாளைக்கு ஸ்கேன் எடுக்கப் போறேன். நீங்களும் வாங்க.”

ஒலி அலைகள் உடலுக்குள் போய் எதிரொலித்துத் திரும்புவது பற்றி ஒரு அருமையான வாக்கியம் அவர் தொண்டைவரை வந்தது. விழுங்கினார்.

“சரிம்மா” என்றார்.

கீழே விசாலத்தைச் சுற்றிப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர் கையெழுத்துப் போடாத குறை. பேராசிரியர் அதைப் பார்த்துக்கொண்டே குருவின் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் சொன்னப்ப என்கிட்ட பேச்சையே நிறுத்திட்டா. இப்ப அவளே எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்றா. இது என்ன மேடம்?”

மெய்யம்மை தனக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் வள்ளியப்பன், எல்லோரும் போன பிறகும், குக்கரை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இருபது வருஷமா துண்டை நான்தான் போட்டேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இவரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, முன்னாடி உக்காந்து, நல்லாச் சிரிக்கிறாரு” என்றார் மெய்யம்மை. “இன்னும் எந்திரிக்கல சார்.”