உப்பு மிளகு

பேராசிரியர் மெர்சி ஞானதீபத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. "நீங்க" என்பது "நீ" ஆகிவிடும், அவ்வளவுதான். அன்று இசக்கியப்பன் கதவைத் திறந்ததுமே "நீ" வந்துவிட்டது.

"உள்ள வா. கதவைச் சாத்து."

இசக்கியப்பனுக்கு நாற்பத்தாறு வயது. வேறொரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆறு வருடமாக அவரிடம் ஆராய்ச்சி செய்கிறார். மார்பக எக்ஸ்ரே படத்தைத் துடைத்துத் தெளிவாக்கி, நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் மென்பொருள். போன மாதம் ஓர் இலவச முகாமில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் படத்தை அதில்தான் பார்த்தார்கள். எல்லோருக்கும் "ஒன்றுமில்லை" என்று சீட்டு போனது. ஆய்வேட்டைக் கொடுக்க அன்றே கடைசி நாள்.

"மேடம், நாலு மணிக்கு ஆபீஸ் மூடிருவாங்க. ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்குதீங்க?"

பேராசிரியர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

"எண்பத்தேழாம் நம்பர் யாரு? பேரை எழுது. தமிழ்ல எழுது."

இசக்கியப்பன் முகாம் பட்டியலைப் பார்த்து எழுதினார்: வள்ளியம்மாள், முக்கூடல்.

பேராசிரியர் ஒயிட்னரை எடுத்தார். மெய்யெழுத்துகளின் மேலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தார்.

"படி."

"வளளியமமாள... முககூடல... என்ன மேடம் இது, பேரே இல்லையே."

"குட்டிக் குட்டிப் புள்ளியைத்தானே எடுத்தேன். தாளு எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு!"

கணினியை அவர் பக்கம் திருப்பினார். எண்பத்தேழாம் நம்பரின் படம், துடைப்பதற்கு முன்னால் எடுத்தது. ஓரத்தில் பொடிப் பொடியாகச் சில வெள்ளைப் புள்ளிகள்.

"இது என்ன?"

"உப்பு மிளகு மேடம்."

படத்தில் நாய்ஸாக, அதாவது வேண்டாத குப்பையாக, தெறித்துக் கிடக்கும் வெள்ளை, கறுப்புப் புள்ளிகளுக்கு இந்தத் துறையில் அதுதான் பெயர். அதை நீக்க ஒரு ஃபில்டர் உண்டு. பக்கத்துப் புள்ளிகளைப் போல இல்லாத புள்ளியைப் பக்கத்துப் புள்ளியாகவே மாற்றிவிடும். மாணவர்கள் முதலில் படிப்பதே இதைத்தான்.

"நேத்து எக்ஸ்ரே டாக்டரம்மாகிட்ட இதைக் காட்டினேன். அவங்களும் உப்புன்னுதான் சொன்னாங்க."

இசக்கியப்பன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம்!"

"'உப்பைத் தூவுன மாதிரி சுண்ணாம்புப் புள்ளி. புத்துநோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த அம்மாவ உடனே வரச் சொல்லுங்க'ன்னாங்க."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கோம்" என்றார் பேராசிரியர்.

"ஒரு படம்தானே மேடம். டெஸ்ட் பண்ணினப்போ தொண்ணூத்தெட்டு சதவீதம் சரியா..."

"வாயை மூடு! முக்கூடலுக்குப் போயி அந்தம்மாகிட்ட சொல்லு, உனக்குத்தான் மிச்ச ரெண்டு சதவீதம்னு."

இப்போது இசக்கியப்பனுக்கும் கோபம் வந்தது. ஆறு வருட உழைப்பு, வராது போன பதவி உயர்வு, எல்லாம் சேர்ந்து வந்தது.

"அது உங்க ஃபில்டர் மேடம். நீங்க எழுதினது. அதுக்குத்தான் உங்களுக்கு விருது குடுத்தாங்க. என்னை மட்டும் ஏசுதீங்க!"

"உன்னை மட்டும் ஏசுதேன்னு யாரு சொன்னது?" என்றார் பேராசிரியர். "சாட்டிலைட் படத்துக்கு எழுதினேன். வயல்ல ஒரு புள்ளி போனா யாரும் சாக மாட்டாங்க. அதை நீ கொண்டுபோயி பொம்பளைங்க நெஞ்சு மேல வச்சே. உன் ஆய்வேட்டுல அந்தப் பக்கத்தை மூணு தடவை படிச்சேன். ஓரத்துல 'நன்று'ன்னு எழுதினேன். என் கையெழுத்து இருக்கு, வேணும்னா பாரு."

இசக்கியப்பன் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணி ஆகட்டும், ஆபீஸ் மூடட்டும்" என்றார் பேராசிரியர். "இருநூத்திப் பன்னெண்டு பேரையும் திரும்பப் பாக்கணும். இந்தம்மாகிட்ட இருந்து ஆரம்பி."

பட்டியலில் இருந்த எண்ணைத் தானே அழுத்திப் போனை நீட்டினார்.

"யாரு பேசுதது?" என்றது ஒரு குரல்.

"அம்மா, நாங்க முகாம்ல இருந்து... உங்க படத்துல கொஞ்சம் நாய்ஸ் மாதிரி..."

பேராசிரியர் போனைக் கையால் பொத்தினார்.

"நாய்ஸ்னு சொல்லாத. தப்புன்னு சொல்லு. யாரு தப்புன்னு கேட்டா, முதல்ல என் பேரைச் சொல்லு."