கரிக்கைச் சட்டம்

மலைக்கு ஒரு ராஜா, ஆற்றுக்கு ஒரு ராஜா என்று ஆண்ட அந்தக் காலத்திலே, கூகைநாட்டைக் கண்டராசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான்.

ஒரு சந்தை நாளில், ஜனங்கள் நெருக்கியடித்து நிற்கையில், யாரோ கடைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். முப்பது பேர் வெந்துபோனார்கள். கோட்டைச் சுவரில் கரியால் எழுதியிருந்தது: "அடுத்த சந்தையிலும் எரியும்."

மந்திரி ஏகம்பன் விசாரிக்கக் கிளம்புமுன் தளவாய் மழவராயன் முந்திக்கொண்டான். மந்திரிக்குப் பேர் கிடைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது.

"கரியால் எழுதியிருக்கிறான், அரசே! எவன் கையில் கரியோ அவனே கொலைகாரன்."

ராஜாவுக்கோ அன்றைக்கே யாரையாவது தண்டித்தாக வேண்டும். "கரிக்கை என்றால் கழுத்து போகும்!" என்று சட்டம் போட்டான்.

மலையடிவாரத்தில் மரம் சுட்டுக் கரி விற்கிற ஊர் ஒன்று. அங்கே எல்லார் கையும் கருப்புத்தான். அந்த ஊரிலிருந்து கோட்டை வாசலுக்குத் தானாக ஓடிவந்த பூச்சன் என்பவனை, கையைப் பார்த்ததுமே தளவாய் அங்கேயே வெட்டிப்போட்டான். மிச்சம் நாற்பது பேரைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்தான்.

ஏகம்பன் கயிற்றில் நின்றவர்களைப் பார்த்தான். பிறகு பணிவாகச் சொன்னான்: "தளவாயார் கெட்டிக்காரர். மரண ஓலையை நானே எழுதுகிறேன், அரசே."

எழுதினான். கீறிய எழுத்துத் தெரியக் கரிப்பொடி தடவுவது வழக்கம்தானே, கொஞ்சம் தாராளமாகவே தடவினான்.

"தளவாயாரே, நீரே படியும்."

தளவாய் விரலை ஓட்டிப் பெருமையாகப் படித்தான். ராஜாவும் வாங்கிப் பார்த்தான்.

"சேவகர்களே, கயிறு கொண்டுவாருங்கள்! இன்னும் மூன்று கரிக்கை அகப்பட்டிருக்கிறது" என்றான் ஏகம்பன்.

"எவனடா அது?" என்று சீறினான் ராஜா.

ஏகம்பன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ராஜா தன் விரல்களைப் பார்த்தான். தளவாய் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "ஓய், என்னையே கட்டப் பார்த்தீரே!" முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். தளவாயின் வாளைப் பிடுங்கி, சந்தைச் சாம்பலை அள்ளப் போகச் சொன்னான். நாற்பது பேரின் கட்டும் அவிழ்ந்தது.

"தீ வைத்தவர்களை உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டான் ராஜா.

கட்டவிழ்ந்தவர்களில் ஒருத்தி, பூச்சனின் பெண்டாட்டி சடைச்சி, முன்னால் வந்தாள்.

"தெரிஞ்சவரு ஒருத்தரு இருந்தாரு, ராசா. எங்க கரிய அள்ளிட்டுப் போன அந்த மூணு பேரையும் எம்புருசன் மட்டுந்தான் பாத்தாரு. அதச் சொல்லத்தான் இங்க ஓடியாந்தாரு. கையத்தான் பாத்தாங்க. வாயத் தொறக்க விடல."

ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"இனி ஏதாவது தெரிந்தால் என்னிடம் வந்து சொல்லம்மா" என்றான் ஏகம்பன்.

"இந்த வாசலுக்கா, சாமி?"

ஏகம்பன் முத்துமாலையைக் கழற்றினான். விரல் பட்ட முத்தெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

கோட்டை வாசலைக் கடைசியாகத் தாண்டியவள் சடைச்சிதான். ரத்தம் காய்ந்திருந்த ஓரிடத்தில் மட்டும், மிதித்துவிடாமல், சற்றே விலகி நடந்து போனாள்.